பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

அமெரிக்காவில் புது ஊருக்குக் குடிபோகவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாடகைக்குப் பார்த்த வீட்டைச் சுற்றி மாநில அரசின் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் தேடினேன். வரைபடம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இதை நம்பி அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதே தெருவில் ஒருவர் இருப்பதாகக் காட்டுகிறது. அக்கம்பக்கத்தாரிடம் சொல்ல வேண்டுமா?" வீட்டைப் பற்றிய கேள்விபோல இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அந்தப் புள்ளி உங்கள் பிள்ளைக்கு வரக்கூடிய ஆபத்தைக் காட்டுகிறதா என்பதைத்தான். பதிவேட்டில் எழுதியிருப்பது சரியா என்பது ஒரு கேள்வி. எழுதியிருப்பதெல்லாம் சரியாகவே இருந்தாலும் அதனால் ஒரு குழந்தையாவது காப்பாற்றப்படுகிறதா என்பது இன்னொரு கேள்வி. விவாதங்களில் இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. நான் குற்றவியல் படித்தவன். தண்டனை முடிந்து வெளியே வருபவர்கள் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிடுவது பல வருடங்களாக என் வேலை. நான் வக்கீல் இல்லை, விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் சட்ட விஷயத்தில் உங்கள் மாநிலத்து விதியே முடிவானது.

பதிவேடு எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியா 1947லேயே தொடங்கிவிட்டது. அப்போது அது போலீசுக்கு மட்டுமானது. ஒரு குற்றம் நடந்தால் அந்தப் பகுதியில் யாரையெல்லாம் போய் விசாரிப்பது என்று பார்க்க உதவியது. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கம் 1990களில்தான் பரவியது. 1989 அக்டோபரில் மின்னசோட்டாவில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். எல்லா மாநிலங்களும் பதிவேடு வைக்க வேண்டும் என்று 1994ல் வந்த மத்தியச் சட்டத்துக்கு அவன் பெயர்தான் வைக்கப்பட்டது. அதே வருடம் ஜூலையில், நியூ ஜெர்சியில் மேகன் கான்கா என்ற 7 வயதுச் சிறுமியை எதிர்வீட்டில் குடியிருந்தவன் கொன்றான். குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்து முன்பே இரண்டு முறை தண்டனை பெற்றவன் அவன். எங்களுக்குத் தெரிந்திருந்தால் பிள்ளையை எச்சரித்திருப்போமே என்று அவளுடைய பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்வியின் நியாயத்தை யாராலும் மறுக்க முடியாது. பதிவேட்டு விவரத்தைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கச் சொல்லும் மேகன் சட்டம் 1996ல் நாடு முழுவதற்கும் வந்தது. 2006ல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் குற்றவாளிகளை மூன்று அடுக்காகப் பிரித்து, 15 வருடம், 25 வருடம், ஆயுள் முழுவதும் என்று பதிவுக்காலத்தை நிர்ணயித்தது.

ஜேக்கபைக் கொன்றவன் 2016ல்தான் ஒப்புக்கொண்டான். சம்பவம் நடந்த சமயத்தில் அவன் மேல் எந்தப் பாலியல் குற்றத் தண்டனையும் இல்லை. அன்றைக்கே முழுமையான பதிவேடு ஒன்று இருந்திருந்தாலும் அவன் பெயர் அதில் இருந்திருக்காது. மேகனைக் கொன்றவன் பெயர் நிச்சயம் இருந்திருக்கும். பதிவேட்டின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு வழக்குகளிலும் அருகருகே இருக்கின்றன. இவற்றில் எந்த வகை அதிகம் நடக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

முதலில் விவரங்கள் சரியா என்று பார்ப்போம். நீங்கள் தேடும் தேசிய இணையதளத்துக்குச் சொந்தமாக ஒரு பட்டியல் கிடையாது. மாநிலங்களின் பதிவேடுகளையும் பூர்வகுடி நிர்வாகங்களின் பதிவேடுகளையும் ஒரே இடத்திலிருந்து தேட அது வழிசெய்கிறது, அவ்வளவுதான். மாநிலப் பதிவேட்டில் இருக்கும் முகவரியும் பெரும்பாலும் பதிவு செய்தவர் தானே நேரில் வந்து சொன்னது. அடுக்கைப் பொறுத்து வருடம் ஒரு முறையோ, ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ வந்து உறுதிசெய்ய வேண்டும். சில ஊர்களில் ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்) அலுவலகம் வீடு தேடிப் போய்ச் சரிபார்க்கிறது, சில ஊர்களில் அதற்கு ஆள் இல்லை. இடையில் அவர் வீடு மாறினால், தகவல் வந்து சேரும்வரை புள்ளி பழைய வீட்டின் மேல்தான் நிற்கும். வீடில்லாதவர்களுக்குத் தெருமுனையோ பாலமோ முகவரியாக இருக்கலாம். ஃப்ளோரிடா பதிவேட்டில் சிறையில் இருப்பவர்களும், வேறு மாநிலத்துக்குப் போய்விட்டவர்களும், நாடுகடத்தப்பட்டவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். அந்த மாநிலத்தின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்து இத்தனை பேர் நம்மிடையே நடமாடுகிறார்கள் என்று நினைத்தால் அது பெரிய தப்புக்கணக்கு. நாடு முழுவதும் ஒரு லட்சம் பேர் தலைமறைவாகிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு நீண்டகாலமாக உலவுகிறது. ஆய்வாளர்கள் பதிவேடுகளையே எடுத்து எண்ணிப் பார்த்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவாக இருந்தது.

இவை எழுத்தர் வேலையில் வரும் பிழைகள். ஆளும் பணமும் போட்டால் சரிசெய்துவிடலாம். குற்றத்தின் பெயர் தரும் மயக்கம் அப்படிச் சரியாகாது. பதிவேட்டில் இருப்பது நீதிமன்றம் கடைசியில் எந்தப் பிரிவில் தண்டித்ததோ அந்தப் பிரிவின் பெயர்தான், நடந்த செயலின் விவரம் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே போவதில்லை. அரசுத் தரப்போடு பேசி, குறைந்த பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்கிறார்கள். அதனால் கொடுமையான செயல் ஒன்று பட்டியலில் சாதாரணப் பெயரோடு இருக்கலாம். பாலியல் அல்லாத பிரிவுக்கு மாற்றிக்கொண்டவர் பட்டியலுக்கே வராமல் போகலாம். பொதுப் பதிவேடு வந்த பிறகு குற்றச்சாட்டைக் குறைத்துக்கொள்ளும் இந்தப் போக்கு கூடியதாகத் தெற்குக் கரோலினாவில் நடந்த ஆய்வு காட்டியது. கடுமையைக் கூட்டப் போட்ட சட்டம் சிலரைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியிருக்கிறது. எதிர்த்திசையிலும் மயக்கம் உண்டு. பத்தொன்பது வயதுப் பையன் பதினைந்து வயதுக் காதலியோடு உறவு வைத்ததும், ஒரு முதியவர் பேத்தி வயதுச் சிறுமியிடம் நடந்துகொண்டதும் சில மாநிலங்களில் ஏறக்குறைய ஒரே பெயரில் தெரியும். தெருவோரம் சிறுநீர் கழித்ததற்காகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று அடிக்கடி ஒரு கதை சொல்வார்கள். சில மாநிலங்களின் சட்டத்தில் அதற்கு இடம் இருந்திருக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிஜமான ஒருவருக்கு நிஜமான காயம் ஏற்படுத்திய வழக்குகளே பெரும்பாலானவை.

பெயரும் முகவரியும் குற்றமும் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் இன்றைக்கு ஆபத்தானவரா? இதற்குப் பதிவேடு பதில் சொல்வதில்லை, சொல்வதாக உரிமை கோரவும் இல்லை. 2003ல் கனெக்டிகட் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நான் இப்போது ஆபத்தானவனா என்று விசாரிக்காமலே என் பெயரைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். பட்டியல் தண்டனையின் அடிப்படையில் மட்டுமே தயாராகிறது, ஆபத்து இங்கே கேள்வியே இல்லை, அதனால் விசாரணை தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. இவர்களில் யாரும் இப்போது ஆபத்தானவர் என்று நாங்கள் தீர்மானிக்கவில்லை என்று அந்த மாநிலத்தின் இணையதளமே அறிவித்திருந்தது. சட்டத்தின் கண்ணில் அது பழைய தண்டனைகளின் பட்டியல். திரையில் பார்க்கும் தாய் தகப்பனுக்கோ அது நாளைய ஆபத்தின் வரைபடம். இந்த இடைவெளிதான் விவாதத்தின் வேர் என்பது என் எண்ணம்.

இந்த இடைவெளி பெரிதானதில் ஒரு எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. 2002ல் கான்சஸ் சிறை தொடர்பான ஒரு வழக்கில், சிகிச்சை பெறாத பாலியல் குற்றவாளிகளில் 80 சதவீதம் வரை மறுபடி குற்றம் செய்வதாக ஒரு மதிப்பீட்டை உச்ச நீதிமன்ற நீதிபதி கென்னடி தீர்ப்பில் எடுத்தாண்டார். அடுத்த வருடம் அலாஸ்கா பதிவேட்டு வழக்கிலும் அதே அச்சம் எதிரொலித்தது. பிறகு நாடெங்கும் நீதிமன்றங்களில் இது பயணம் செய்தது. 2015ல் இதன் மூலத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் கண்டுபிடித்தது, பொது வாசகர்களுக்கான ஒரு உளவியல் பத்திரிகையில் 1986ல் வந்த கட்டுரையின் ஒரு வரியை. எழுதியவர் ஓரிகன் மாநிலச் சிறையில் சிகிச்சைத் திட்டம் நடத்தியவர். அந்த வரிக்குப் பின்னால் எந்த ஆய்வும் தரப்படவில்லை.

ஆய்வுகள் தரும் எண்கள் வேறு. 1994ல் 15 மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த 9,691 ஆண் பாலியல் குற்றவாளிகளை நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு மூன்று வருடம் பின்தொடர்ந்தது. புதிய பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 5.3 சதவீதம். 2005ல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை ஒன்பது வருடம் பின்தொடர்ந்தபோது, பாலியல் வன்முறைக்காகக் கைதானவர்கள் 7.7 சதவீதம். கனடிய ஆய்வாளர் கார்ல் ஹான்சன் இந்தத் துறையில் மிக முக்கியமானவர். அவரும் சக ஆய்வாளரும் இன்னும் நீண்ட காலம் பார்த்தபோது 15 வருடத்தில் 24 சதவீதம், 20 வருடத்தில் 27 சதவீதம் என்று வந்தது. அற்பமான எண்கள் இல்லை இவை. நாலில் ஒருவர் என்பது பெரிய விஷயம். ஆனால் நாலில் மூன்று பேர் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதும் அதே ஆய்வு சொல்வதுதான்.

இங்கே ஒரு நிஜமான சந்தேகம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இந்த எண்களெல்லாம் பிடிபட்டவர்களைப் பற்றியவை. பாலியல் வன்முறையில் போலீசுக்குப் போவது சிறு பகுதி. அரசின் சொந்தக் கணக்கெடுப்பிலேயே, வருடத்தைப் பொறுத்து நாலில் ஒன்றோ மூன்றில் ஒன்றோதான் புகாராகிறது. குழந்தைகள் விஷயத்தில் மௌனம் இன்னும் அதிகம். ஆகவே உண்மையான அளவு இந்த எண்களைவிடக் கூடுதல் என்பது உறுதி. எவ்வளவு கூடுதல் என்பதில் நேர்மையான ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. குறைந்த எண்ணைக் காட்டி ஆபத்தே இல்லை என்பவரையும், புகாராகாத குற்றங்களைக் காட்டி எல்லோரும் திரும்பச் செய்வார்கள் என்பவரையும் நான் ஏற்பதில்லை.

மொத்தச் சராசரியைவிட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. எல்லோரும் ஒரே மாதிரி இல்லை, காலத்தோடும் மாறுகிறார்கள். நாங்கள் பயன்படுத்தும் மதிப்பீட்டு முறைகளில் பரவலானது ஸ்டாட்டிக் 99 ஆர். விடுதலையாகும் வயது, முந்தைய பாலியல் குற்றங்கள், பாதிக்கப்பட்டவர் உறவினரா அந்நியரா என்பது போன்ற பத்து அம்சங்களுக்கு மதிப்பெண் போடுவோம். மறுபடி குற்றம் செய்த ஒருவரையும் செய்யாத ஒருவரையும் எடுத்தால், ஏறத்தாழ நூறில் எழுபது முறை முதலாமவருக்கு அதிக மதிப்பெண் வரும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் முப்பது முறை தவறும். தனி மனிதரைப் பற்றி இவர் செய்வார், இவர் செய்யமாட்டார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, யாராலும் முடியாது. குழுவாகப் பார்த்தால் மட்டும் தெளிவு கிடைக்கிறது. ஹான்சன் குழு 2014ல் வெளியிட்ட ஆய்வில், அதிக ஆபத்து என்று மதிப்பிடப்பட்டவர்களின் மறுகுற்ற விகிதம் விடுதலையாகும்போது 22 சதவீதம். பத்து வருடம் வெளியே எந்தப் பாலியல் குற்றமும் இல்லாமல் இருந்தவர்களுக்கு அது 4.2 சதவீதமாக இறங்கியது. பதிவேட்டில் இந்த இறக்கம் தெரிவதில்லை. முப்பது வருடத்துக்கு முன் தவறு செய்து இப்போது எழுபது வயதானவரும், போன மாதம் வெளிவந்தவரும் வரைபடத்தில் ஒரே சிவப்பு. ஆடம் வால்ஷ் சட்டத்தின் அடுக்குகளும் தண்டனைப் பிரிவை வைத்துப் பிரித்தவையே. நாலு மாநிலங்களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த அடுக்குகள் மறுகுற்றத்தோடு பொருந்தவில்லை. ஸ்டாட்டிக் மதிப்பெண் அவற்றைவிட நன்றாகப் பொருந்தியது.

மாநிலங்கள் எதைப் பொதுவில் வைக்கின்றன என்பதும் ஒன்றல்ல. மாசசூசெட்ஸ் ஆளுக்கு ஆள் மதிப்பிட்டு, முதல் நிலையில் (குறைந்த ஆபத்து) இருப்பவர்களைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. மின்னசோட்டா முக்கியமாக மூன்றாம் நிலை (அதிக ஆபத்து) ஆட்களைக் காட்டுகிறது. ஃப்ளோரிடா ஏறக்குறைய எல்லோரையும் காட்டுகிறது. ஒரே மாதிரியான இரண்டு தெருக்கள், மாநிலம் மாறினால் ஒன்று காலியாகவும் மற்றது சிவப்பாகவும் தெரியும். ஒரே ஊருக்குள்ளும் புள்ளிகள் ஓரிடத்தில் குவியக் காரணம் உண்டு. பள்ளி, பூங்கா முதலியவற்றிலிருந்து இத்தனை அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்ற விதிகளால், அவர்கள் வாடகைக்கு வீடு எடுக்கக்கூடிய இடங்கள் சுருங்கிப்போகின்றன. மியாமியில் ஜூலியா டட்டில் பாலத்தின் அடியில் பல வருடங்கள் ஒரு குடியிருப்பே உருவாகியிருந்தது இதனால்தான். நீங்கள் பார்த்த வீட்டைச் சுற்றிப் புள்ளிகள் அதிகம் என்பது, அந்தப் பகுதி இந்த விதிகள் தடுக்காத, வாடகை குறைந்த பகுதி என்பதை மட்டுமே காட்டுவதாக இருக்கலாம்.

இனி பயனுக்கு வருகிறேன். காவல் துறைக்கு வந்த வழக்குகளை வைத்து 2000ல் வெளியான அரசு ஆய்வின்படி, பாதிக்கப்பட்ட சிறுவர் சிறுமியரில் 93 சதவீதம் பேருக்குக் குற்றவாளி முன்பே தெரிந்தவர். 34 சதவீதம் குடும்பத்தினர், 59 சதவீதம் பழகியவர்கள். அந்நியர் 7 சதவீதம். நியூயார்க் மாநிலத்தில் 21 வருடக் கைதுகளை ஆராய்ந்தவர்கள், பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் அதற்குமுன் அத்தகைய குற்றத்தில் தண்டனை பெறாதவர்கள் என்று கண்டார்கள். அதாவது கைதான நாளில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த வரைபடத்திலும் இல்லை. வெட்டர்லிங் வழக்கு விதிவிலக்கு இல்லை, அதுவே வழக்கம். மேகன் வழக்குதான் அரிது. அரிது என்பதால் பொருட்படுத்தத் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நம் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. அதை முழுக்க வரைபடத்தின் மேல் வைத்தால் வீட்டுக்குள் வந்துபோகும் ஆட்களின் மேல் வைக்க மிச்சம் இருக்காது.

பதிவேட்டில் இருப்பவர்கள் மறுபடி குற்றம் செய்வதைப் பொதுப்பட்டியல் குறைக்கிறதா என்ற கேள்விக்கு இப்போது ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். 25 வருட ஆய்வுகளைத் தொகுத்து 2021ல் வெளியான பகுப்பாய்வில் 18 ஆய்வுகள், 4,74,640 பேர். பதிவும் அறிவிப்பும் மறுகுற்றத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்பதே முடிவு. இதற்கு எதிராகவும் சில சான்றுகள் உண்டு. மின்னசோட்டாவில் மிக அதிக ஆபத்து என்று மதிப்பிடப்பட்ட சிறு குழுவைப் பற்றி மட்டும் ஊருக்கு அறிவித்தபோது மறுகுற்றம் குறைந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஆரம்பகால ஆய்வில் மறுகுற்றம் குறையவில்லை, ஆனால் செய்தவர்கள் சீக்கிரம் பிடிபட்டார்கள். 15 மாநிலத் தரவுகளை வைத்துப் பொருளியலாளர்கள் இருவர் 2011ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. போலீசிடம் பதிவு செய்வது குற்றத்தைக் குறைக்கிறது. பொதுவில் வெளியிடுவது, இதுவரை குற்றம் செய்யாதவர்களைப் பயமுறுத்தித் தடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களை மறுபடி குற்றத்தின் பக்கம் தள்ளவும் கூடும். இதில் முதல் பாதியை நான் நம்புகிறேன். பயமுறுத்தித் தடுக்கிறது என்ற பகுதி இன்னும் சந்தேகத்தில்தான் இருக்கிறது. தள்ளுகிறது என்ற பகுதி என் தொழில் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. வேலை, குடியிருக்க இடம், நாலு நல்ல மனிதர்களின் பழக்கம், இந்த மூன்றும்தான் ஒருவரைத் திரும்பவும் விழாமல் பிடித்துவைக்கின்றன. பொதுப்பட்டியல் முதலில் பறிப்பது இவற்றைத்தான்.

போலீஸ் கையில் இருக்கும் பட்டியலும் தானாக வேலை செய்வதில்லை. கலிபோர்னியாவில் ஃபிலிப் கரிடோ என்பவன் 11 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்தி, 1991 முதல் 2009 வரை 18 வருடம் தன் வீட்டின் பின்புறம் அடைத்துவைத்திருந்தான். அவன் பதிவேட்டில் இருந்தவன். பரோல் அதிகாரிகள் அந்த வீட்டுக்கு வந்து போனார்கள். 2006ல் பின்புறம் கூடாரங்களில் ஆட்கள் இருப்பதாகப் பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தார்கள். வந்த ஷெரிஃப் அலுவலக அதிகாரி வாசலில் பேசிவிட்டுத் திரும்பினார். எதிரே நிற்பவன் பதிவு செய்த பாலியல் குற்றவாளி என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தகவல் அவருடைய அலுவலகத்திலேயே இருந்தது. ஒரு லட்சம் பேரின் பட்டியலில் கரிடோ போன்ற ஒருவன் ஒளிந்துகொள்வது சுலபம். பட்டியல் எவ்வளவு நீள்கிறதோ, கவனிக்க வேண்டியவன் மேல் விழும் பார்வை அவ்வளவு குறைகிறது. கலிபோர்னியா பிறகு இதைப் புரிந்துகொண்டது. எல்லோருக்கும் ஆயுள் பதிவு என்றிருந்ததை மாற்றி, 10 வருடம், 20 வருடம், ஆயுள் என்று 2021 முதல் நடைமுறைப்படுத்தியது. அரசு வழக்கறிஞர்கள் தரப்பிலிருந்தே அதற்கு ஆதரவு வந்தது.

பொதுப்பட்டியலின் விலையை இரண்டு இடங்களில் பார்த்தால் போதும். 2006 ஏப்ரலில் மெய்ன் மாநிலத்தில், பதிவேட்டில் முகவரி தேடி எடுத்த ஓர் இளைஞன் ஒரே நாளில் இருவரைச் சுட்டுக் கொன்றான். அதில் ஒருவருக்கு 24 வயது. பதின்ம வயதின் கடைசியில், 16 நிரம்பச் சில வாரங்களே இருந்த தன் காதலியோடு உறவு வைத்ததற்காகப் பட்டியலுக்கு வந்தவர். அடுத்தது பதிவேட்டில் சேர்க்கப்படும் சிறுவர்கள். பாலியல் குற்றத்துக்காகச் சிகிச்சையில் இருந்த சிறுவர்களைப் பற்றி ஆய்வாளர் எலிசபெத் லெடோர்னோவின் குழு 2018ல் வெளியிட்ட ஆய்வில், பதிவேட்டில் சேர்க்கப்பட்டவர்கள் அண்மையில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னது மற்றவர்களைவிட நாலு மடங்கு. பெரியவர்கள் அவர்களைப் பாலியல் நோக்கத்தோடு அணுகியது ஐந்து மடங்கு. குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் இன்னொரு குழந்தையை வேட்டைக்காரனிடம் காட்டிக்கொடுக்கிறது. பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களைப் பொதுப்பட்டியலில் வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் நடுநிலை வகிப்பதில்லை.

குடும்பத்துக்குள் நடந்த குற்றங்களிலும் இன்னொரு துயரம் இருக்கிறது. தகப்பன் பெயரும் குற்றமும் முகவரியும் இணையத்தில் வந்தால், பாதிக்கப்பட்ட மகள் யார் என்பது பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். இதற்குப் பயந்து தாய்மார்கள் புகார் கொடுக்கத் தயங்குவதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எத்தனை பேர் அப்படித் தயங்கி நின்றுவிடுகிறார்கள் என்று எண்ணிச் சொல்ல வழியில்லை, புகாராகாதது எந்தக் கணக்கிலும் வராது.

பதிவேட்டையே ஒழித்துவிடலாமா என்றால், வேண்டாம் என்பதே என் நிலை. பிள்ளையை இழந்த பெற்றோரின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, போலீசுக்கு இது உதவுகிறது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. போலீசிடம் எல்லோர் விவரமும் இருக்கட்டும். பொதுவில், ஆளுக்கு ஆள் மதிப்பிட்டு அதிக ஆபத்து என்று முடிவானவர்கள் மட்டும் இருக்கட்டும். பல வருடம் ஒழுங்காக இருந்தவர் வெளியே வர வழி இருக்கட்டும். இங்கிலாந்தில் பதிவேடு பொதுவில் இல்லை. ஆனால் தன் குழந்தையோடு பழகும் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிப் பெற்றோர் போலீசிடம் விண்ணப்பித்துக் கேட்கலாம், ஆபத்து உண்டென்றால் போலீஸ் சொல்லும். 2008ல் சோதனையாகத் தொடங்கி 2011க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் வந்த திட்டம் அது. மேகனின் பெற்றோர் கேட்ட கேள்வியை முழுதாகத் தீர்க்காவிட்டாலும், கேட்க வேண்டியவர் கேட்க வேண்டிய ஆளைப் பற்றிக் கேட்கும் முறை எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த முறையை நீங்கள் இப்போதே கைக்கொள்ளலாம். தெருவைத் தேடுவதற்குப் பதில் பெயரைத் தேடுங்கள். உங்கள் பிள்ளையோடு தனியாக இருக்கப்போகும் பயிற்சியாளர், டியூஷன் எடுப்பவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவர், வீட்டில் வந்து தங்கும் உறவினர் ஆகியோரின் பெயரைத் தேசிய இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பெயர் வந்தால் அது கட்டாயம் பொருட்படுத்த வேண்டிய தகவல். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், அதனால் புகைப்படத்தையும் வயதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் வராவிட்டால் அது நற்சான்று ஆகாது, மேலே சொன்ன 95 சதவீதத்தை நினைவில் வையுங்கள். பெரியவர் ஒருவரும் குழந்தையும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும் நேரத்தைக் குறைப்பது, யாராவது இதை அம்மா அப்பாவிடம் சொல்லாதே என்றால் உடனே வந்து சொல்லலாம் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தைரியம் கொடுப்பது, சொன்னால் திட்டாமல் கேட்பது, இவை எந்த ஊருக்குப் போனாலும் பட்டியலில் இல்லாதவரிடமிருந்தும் காக்கும்.

வீட்டைப் பொறுத்தவரை, புள்ளிகளை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. மற்றபடி பிடித்திருந்தால் எடுங்கள். அதே தெருவில் இருப்பவரின் பதிவைத் திறந்து எந்த வருடத்துக் குற்றம், பாதிக்கப்பட்டவரின் வயது என்ன, உங்கள் மாநிலம் நிலை பிரிக்கிறது என்றால் எந்த நிலை என்று பாருங்கள். குழந்தைகள் மேல் அண்மையில் குற்றம் செய்து உயர்ந்த நிலையில் இருப்பவர் என்றால், அந்த வீட்டுப் பக்கம் தனியாகப் போகக் கூடாது என்று பிள்ளைகளிடம் காரணத்தை விரிக்காமல் சொல்லிவையுங்கள். ஊர்க்குழுவில் அவருடைய படத்தைப் பகிர்வது, வாசலில் போய் நிற்பது போன்றவை வேண்டாம். பதிவேட்டுத் தகவலை வைத்து ஒருவரைத் தொந்தரவு செய்வது குற்றம் என்று அநேகமாக எல்லா மாநில இணையதளங்களும் முதல் பக்கத்திலேயே எச்சரிக்கின்றன. அவர் பரோலிலோ ப்ரொபேஷனிலோ (நிபந்தனையோடு வெளியே கண்காணிப்பில்) இருந்து, குழந்தைகள் விளையாடும் இடத்தில் சுற்றுவதையோ பிள்ளைகளை வீட்டுக்குள் அழைப்பதையோ பார்த்தால், உள்ளூர் ஷெரிஃப் அலுவலகத்தின் பதிவுப் பிரிவுக்குத் தேதி, நேரத்தோடு தகவல் கொடுங்கள். நிபந்தனையை மீறியிருந்தால் அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கலாம். முகவரி தவறு, அவர் அங்கே இல்லை என்று தெரிந்தாலும் அதே பிரிவிடம் சொல்லலாம்.